பதினேழாம் எண் முன்னணியில் இருக்கிறார்

சென்னை நெடுந்தூர ஓட்ட அபிவிருத்தி சபையில் ஓடத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்று ஊரில் சிலர் பேசிக்கொள்வது அபாண்டம். சபையின் காரியதரிசி ரகுபதி தினமும் மாலை ஐந்தரை மணி டிராமைப் பிடிக்க லஸ் முனை வரை ஓடுவதை மயிலாப்பூரே பார்த்திருக்கிறது. தலைவர் ராவ் பகதூர் கோதண்டபாணி ஓட மாட்டார், உண்மைதான். ஆனால் யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் போட்டதிலிருந்து அவர் அபிராமபுரத்து பங்களாவிலிருந்து சபைக்கு ரிக்‌ஷாவில்தான் வருகிறார். ரிக்‌ஷா ஓடுகிறது. அதற்குள் அவர் இருக்கிறார். ஆகவே மனிதர் ஓட்டத்துக்கு முழுக்க அந்நியர் என்று சொல்லிவிட முடியாது.

அந்த ரிக்‌ஷாவை இழுத்தவன் முருகையன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம், மார்கழி மாதம். தை முதல் பங்குனி வரை ஓட்டப் பருவம். எந்தெந்தப் பந்தயங்களை நடத்துவது, யார் எதில் சேரலாம் என்று தீர்மானிக்க சபை கூடியிருந்தது. முருகையன் போர்ட்டிகோ நிழலில் ரிக்‌ஷாவின் நுகத்தடியைப் பிடித்தபடி குந்தியிருந்தான். உள்ளே ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. பக்கத்தில் சபையின் கார் டிரைவர் பவுல்சாமி, காரின் முதுகில் பொருத்தியிருந்த கரி வாயு அடுப்புக்குள் கரியைக் கொட்டிக்கொண்டிருந்தான். பெட்ரோல் இல்லாத காலத்தில் அந்தக் கார் கரியைத் தின்று புகையைக் கக்கி ஓடியது. சாந்தோமில் பிறந்து வளர்ந்த பவுல்சாமி அதைத் திட்டாத நாள் கிடையாது.

அந்தப் பருவத்துக்கு நான்கு பந்தயங்கள். முதலாவது, ராவ் பகதூர் வெள்ளிக் கேடய ஓட்டம். அவருடைய பங்களா மதிலுக்குள்ளேயே அறுபது சுற்று. கமிட்டியார் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பார்க்கலாம் என்பது அதன் விசேஷம். இரண்டாவது, கோபாலபுரம் மௌன ஓட்டம். அங்கே ரிட்டயரான உத்தியோகஸ்தர்கள் காலைத் தூக்கத்தில் இருப்பார்கள் என்பதால், ஓடுபவர்கள் சத்தம் போடக் கூடாது, இருமக் கூடாது, மூச்சையும் கூடியமட்டும் மூக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது கடற்கரை மணலில். நான்காவது நகர்வலம். அடையாற்றில் புறப்பட்டு மந்தைவெளி, மயிலாப்பூர், ராயப்பேட்டை, தியாகராய நகர் வழியாக சைதாப்பேட்டைப் பாலத்தைத் தொட்டுவிட்டு மறுபடி அடையாறு. பதினாறு மைல்.

"இந்த நகர்வலத்துக்கு மட்டும் ஒருத்தனும் வரமாட்டான் நைனா," என்றான் பவுல்சாமி. "முன்னாடி என் காரு போவும். பின்னாடி ஓடறவன் பூரா பொகையையும் துன்னுக்கினே ஓடணும். போன தபா ஒருத்தன் மந்தைவெளியிலயே மயக்கம் போட்டு வுயுந்தான்."

"முன்னாடி காரு இன்னாத்துக்கு?"

"மேல ஒலிபெருக்கி கீது பாரு. மொதல்ல ஓடறவன் பேரு, நைனா பேரு, ஊரு எல்லாம் கத்திக்கினே போவாங்க. போன தபா மொதல்ல வந்தவன் பேரு சைதாப்பேட்டை வரிக்கும் பச்சக் கொயந்திக்குக்கூட பாடம் ஆயிப்போச்சு."

முருகையன் எழுந்து நின்றுவிட்டான். நுகத்தடி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "போற வயியில அல்லா தெருவுலயும் கத்துவாங்களா?" என்று கேட்டான். பவுல்சாமி ஆமென்றான். முருகையன் மறுபடியும் கேட்டான். பவுல்சாமி மறுபடியும் ஆமென்றான்.

முருகையன் சைதாப்பேட்டை ஆற்றோரத்துக்காரன். கல்யாணமான கையோடு பாஞ்சாலியைக் கூட்டிக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பலேறி, அங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்கினான். ஜானு என்று ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயது நடக்கும்போது ஜப்பான்காரன் குண்டு போட்டான். டிக்கெட் கிடைத்தவர்கள் கப்பலில் போனார்கள், கிடைக்காதவர்கள் நடந்தார்கள். மலையும் காடுமாக முப்பத்தெட்டு நாள் நடந்து ஓர் ஆற்றங்கரைக்கு வந்தபோது, பெண்டு பிள்ளைகள் முதல் படகில் ஏறட்டும், ஆண்கள் அடுத்ததில் வரலாம் என்றார்கள். நியாயமான பேச்சுதான். பாஞ்சாலி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். அடுத்த படகு அன்று மாலை வந்தது. அது வேறொரு துறையில் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம் ஒன்றே முக்கால் வருஷம் ஆகிவிட்டது. அவன் பட்டணம் வந்து சேர்ந்த சமயம், இங்கேயும் குண்டு விழப்போகிறது என்று பயந்து பாதி ஊர் வெளியேறியிருந்தது. கேட்க ஆளில்லை. அகதிகள் ஜாபிதாவில் பாஞ்சாலி பேர் இல்லை. ஆற்றோரத்துக் குடிசைகளில் மிச்சம் இருந்தவற்றைப் போன ஐப்பசி வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. ரிக்‌ஷா இழுத்துக்கொண்டு எல்லாத் தெருவிலும் அவன் தேடினான். ஆனால் ரிக்‌ஷாக்காரன் ரோட்டைப் பார்த்துத்தான் ஓட வேண்டும். ஜன்னலைப் பார்த்து ஓடினால் சவாரி சாக்கடையில் இருக்கும். பாஞ்சாலி வந்தால் இந்த ஊருக்குத்தான் வருவாள், அவளுக்கு வேறு ஊர் தெரியாது என்பது ஒன்றுதான் அவனுக்கு நிச்சயம். அவன் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளாவது அவனைக் கண்டுபிடிக்கட்டும். அதற்கு அவன் பேர் அவள் காதில் விழ வேண்டும்.

மறுநாளே அவன் ரகுபதியின் மேஜை முன்னால் போய் நின்றான்.

"நகர்வலத்துல ஓடணும் சாமி."

ரகுபதி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கெட்டவர் அல்ல. விதிப் புத்தகத்தை இருபது வருஷமாக மனப்பாடம் செய்தவர், அவ்வளவுதான்.

"எதுல ஓடணும்னு நீயா சொல்லப்படாது. விருப்பப் படிவத்துல எழுதிக் குடுக்கணும். அதைக் கமிட்டி பார்க்கும். பார்த்துட்டு நீ எதுல ஓடணும்னு கமிட்டி சொல்லும்."

"அப்போ நான் எய்திக் குடுக்கறது இன்னாத்துக்கு சாமி?"

"உன் விருப்பம் என்னன்னு உனக்குத் தெரியணுமோல்லியோ?"

முருகையனுக்கு எழுதத் தெரியாது. ரகுபதியே கேட்டுக் கேட்டு எழுதினார். பேர், வயது, உயரம், மார்பளவு, தாம்பூலப் பழக்கம். எட்டாவது கேள்வி: 'விண்ணப்பதாரர் இதுவரை காலால் கடந்த அதிகபட்ச தூரம், இடம், நேரம்.' முருகையன் சொன்னான். ரகுபதி பேனாவை வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அந்தக் கட்டம் ஒன்றரை அங்குல நீளம்தான் இருந்தபடியால், 'ர – சி' என்று சுருக்கி எழுதினார். ரங்கூன் முதல் சிட்டகாங் வரை.

அந்த 'ர – சி' கமிட்டியில் பெரிய பரபரப்பை உண்டாக்கிவிட்டது. விசாரணைக்கு முருகையனைக் கூப்பிட்டார்கள். ராவ் பகதூர் நடுநாயகமாக வீற்றிருந்தார். அவருக்கு வலது பக்கம் காலக்கணக்கு அதிகாரி வால்டர். ரிட்டயரான ஹெட்மாஸ்டர், சாந்தோம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரு நிமிஷம் தாமதமாக வருகிறவர்களைக்கூட நோட்டில் குறித்து வைப்பவர். இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் கட்டியிருந்தார்.

"ஏம்ப்பா, இந்த ரங்கூன் ஓட்டத்துக்கு ஸ்டார்ட் கொடுத்தது யாரு?" என்று ஆரம்பித்தார் வால்டர்.

"ஜப்பான்காரன் சார். குண்டு போட்டான்."

"எத்தனை மணிக்கு?"

"காலையில பத்து மணி இருக்கும் சார்."

"இருக்கும்னா எப்படி? பத்தா, பத்தே காலா?" வால்டர் உதட்டைப் பிதுக்கினார். "சரி, எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டாங்களா?"

"ஊரே பொறப்பட்டுச்சு சார்."

"எத்தனை பேர் முடிச்சாங்க?"

"தெரியல சார். வயியில படுத்துக்கினவங்கதான் ஜாஸ்தி."

'பாதியில் விலகியோர்: பலர்' என்று வால்டர் எழுதிக்கொண்டார். "வழியில யார் கையிலாவது உதவி வாங்கினியா?"

"ஒரு பர்மாக்கார ஆயா தண்ணி குட்த்துது சார். கொயந்திக்கு."

"கையில் பாரம் ஏதாவது?"

"பொண்ணு இருந்துது சார். தோள்ல."

"எத்தனை பவுண்டு?"

"பவுண்டு தெரியாது சார். போவப் போவ எடை கொறஞ்சிக்கினே போச்சு."

'பாரம் நிலையாக இல்லை' என்று வால்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஆக நான்கு காரணங்களால் அந்தத் தூரம் தள்ளுபடி செய்யப்பட்டது. காலக்கணக்கு அதிகாரி யாரும் உடன் செல்லவில்லை. வெளியார் தண்ணீர் கொடுத்திருக்கிறார். பாரம் மாறியிருக்கிறது. ஓர் ஆறு படகில் கடக்கப்பட்டிருப்பதால் முழுத் தூரமும் சொந்தக் காலால் கடக்கப்படவில்லை. முருகையனுடைய நெடுந்தூர அனுபவம் 'இல்லை' என்று சிவப்பு மசியில் பதிவாயிற்று. அவனுக்கு அதில் வருத்தமில்லை. அந்தத் தூரத்தை யாராவது இல்லையென்று ஆக்கிவிட்டால் நல்லதுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

பிறகு ராவ் பகதூர் எழுந்தார். அவர் எழுந்தால் பேசுவார் என்பது சபையின் பழைய வழக்கம்.

"கனவான்களே! ஓட்டம் என்பது காலால் செய்யப்படுவது என்று பாமரர் எண்ணுகிறார்கள். தவறு! ஓட்டம் ஒழுக்கத்தால் செய்யப்படுவது. நான் ஓடியதில்லை. ஒரு நாளும் ஓடியதில்லை. ஆகவேதான் ஓடுகிறவர்களைப் பற்றி விருப்பு வெறுப்பின்றித் தீர்ப்பளிக்க என்னால் முடிகிறது. கூலிக்கு ஓடுகிறவன் நம் சபையில் இடம்பெறலாகாது என்பது விதி. இவன் கூலிக்கு ஓடுகிறவன். ஆதாரம் கேட்பீர்கள். ஆதாரம் நானே! இன்று காலைகூட இவன் கூலிக்கு ஓடியபோது நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்!"

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

பருவம் முடியும் வரை ரிக்‌ஷாவைத் தொடக் கூடாது, கூலிக்கு ஓடக் கூடாது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும் என்றார்கள். முருகையன் சத்தியம் செய்தான். ரிக்‌ஷாக்காரனுடைய லைசென்ஸ் பில்லையைக் கழற்றி ரகுபதியிடம் கொடுத்தான். தலைவர் அன்று வீட்டுக்கு வேறொரு ரிக்‌ஷாவில் போனார். அந்த வண்டிக்காரன் மெதுவாக இழுக்கிறான் என்று அடுத்த கூட்டத்தில் வருத்தத்தோடு குறிப்பிட்டார்.

முருகையன் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனான். மூட்டை தூக்கலாம், ஆனால் நடந்துதான் தூக்க வேண்டும். ஓடினால் கூலிக்கு ஓடியதாகும். ஒரு நாள் திடீரென்று கொட்டிய மழையில் மார்க்கெட்டே ஓடியது. முருகையன் மட்டும் மிளகாய் மூட்டையோடு நிதானமாக நடந்து வந்தான். மிளகாய் நனைந்துபோயிற்று. மண்டிக்காரர் வாய்க்கு வந்தபடி ஏசி, நாளை முதல் வர வேண்டாம் என்றார். அதன்பின் அவன் ஒரு வேளைதான் சாப்பிட்டான். அதையும் பவுல்சாமி வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான்.

"ஏன் நைனா இப்டி சாவுற? சைதாப்பேட்டை பாலத்துல நின்னு நீயே கத்த வேண்டிதானே?"

"கத்தினேன் பவுலு. ரெண்டு தபா. பைத்தியம்னு போலீஸ்காரன் தொர்த்தினான். ஒலிபெருக்கி கத்தினா யாரு தொர்த்துவாங்க?"

பவுல்சாமி சோற்றுப் பாத்திரத்தை அவன் பக்கம் தள்ளினான்.

தை பிறந்ததும் தீர்ப்பு வந்தது. முருகையனுக்குக் கேடய ஓட்டமும் மௌன ஓட்டமும். நகர்வலம் இல்லை. ரகுபதி காரணத்தைப் படித்துக் காட்டினார்: 'ஏழைகளுக்கு வட்ட ஓட்டமே உகந்தது. எவ்வளவு ஓடினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடலாம். வீட்டாருக்குக் கவலை இராது.'

"வூட்டாரே இல்லாமதான் சாமி நகர்வலம் கேக்கறேன்," என்றான் முருகையன். ரகுபதிக்குச் சங்கடமாகிவிட்டது. விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒதுக்கப்பட்ட இரண்டு பந்தயங்களிலும் முதல் மூவரில் ஒருவனாக வந்தால், மூன்றாவதாக ஒரு பந்தயத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. சபை தொடங்கிய நாளிலிருந்து யாரும் அந்த உரிமையைக் கேட்டதில்லை, அப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாததால்.

கேடய ஓட்டத்தில் சுற்றுக்களை வால்டர் புளியங்கொட்டையால் எண்ணினார். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை. நாற்பதாம் சுற்றில் பங்களாவில் பலகாரம் பரிமாறினார்கள். வால்டர் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து எண்ணினார். ஓடுபவர்கள் எழுபத்தொரு சுற்று ஓடினார்கள். நான்கு பேர் மாமரத்தடியில் விழுந்தார்கள். முருகையன் இரண்டாவதாக வந்தான். அளவுக்கு மிஞ்சி ஓடியது விதிமீறல் என்றாலும், முதல் தடவை என்பதால் கமிட்டி அதை மன்னித்துவிட்டது.

மௌன ஓட்டத்தில் அவனுக்கு முன்னால் போன மூன்று பேரில் ஒருவன் தும்மினான், விலக்கப்பட்டான். இன்னொருவன் முள் குத்தி 'அம்மா' என்றான், அவனும் விலக்கப்பட்டான். முருகையன் குதிகாலில் கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் இரண்டாவது.

விருப்பப் படிவத்தில் மூன்றாவது வரியில் ரகுபதி தம் கையாலேயே 'நகர்வலம்' என்று எழுதினார். முருகையன் அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அன்று முழுவதும் அவன் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தான் என்று பவுல்சாமி பிற்பாடு சொன்னான்.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடையாற்றில் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். முதல் பத்து எண்கள் கமிட்டியாருக்கு மரியாதைக்காக ஒதுக்கப்பட்டிருந்ததால், ஓடுபவர்களுக்குப் பதினொன்றிலிருந்து துணி எண்கள் தைத்துக் கொடுத்தார்கள். முருகையனுக்குப் பதினேழு. வால்டர் காரின் பின் சீட்டில் ஒலிவாங்கியோடு உட்கார்ந்தார். கார் இருமிக்கொண்டு புறப்பட்டது.

முருகையன் முதல் மைலிலேயே முன்னால் வந்துவிட்டான். குதிகால் புண் ஆறவில்லை. இரண்டு மாதத்துக்கு மேலாக வயிறு நிறையச் சாப்பிடவில்லை. கரிப்புகை முகத்திலேயே அடித்தது. அவன் எதையும் பொருட்படுத்தவில்லை. காது முழுவதும் காரின் மேல் இருந்தது. மந்தைவெளியில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"மகாஜனங்களே! பதினேழாம் எண் முன்னணியில் இருக்கிறார்! இந்தப் பந்தயத்தை நடத்துபவர் ராவ் பகதூர் கோதண்டபாணி அவர்கள்! அன்னார் காலஞ்சென்ற ஜட்ஜ் அவர்களின் குமாரர்! அபிராமபுரம்!"

முருகையன் அடுத்த முனையில் சொல்வார்கள் என்று நினைத்தான். அடுத்த முனையில் ராவ் பகதூரின் பாட்டனார் பேரும் சேர்ந்துகொண்டது. லஸ்ஸில் அவருடைய பட்டங்கள். ராயப்பேட்டையில் அவர் யுத்த நிதிக்கு உதவிய விவரம். ஒவ்வொரு முறையும் முன்னால் அந்த ஒரே வாக்கியம். பதினேழாம் எண், பதினேழாம் எண். பாண்டி பஜார் திரும்பும்போது முருகையன் மூச்சைக் கூட்டிக் காருக்குப் பக்கத்தில் வந்துவிட்டான்.

"சார், பேரு! என் பேரைச் சொல்லுங்க சார்!"

வால்டர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, பொறுமையாக, ஒரு மாணவனுக்கு விளக்குவதுபோல் விளக்கினார். "யுத்த காலம் ஆச்சேப்பா. போன வாரம்தான் கமிட்டி தீர்மானம் போட்டிருக்கு. நம்ம திடகாத்திரமான ஆட்கள் பேரையெல்லாம் ரோட்டுல கத்தினா எதிரி குறிச்சுக்க மாட்டானா? தலைவர் பேரைச் சொல்லலாம். அவரால எதிரிக்கு ஆபத்தில்லே."

"சார், ஒரு தபா சார். சைதாப்பேட்டையில மட்டும் சார்."

"ஓட்டத்தில் பேசுவது நேர விரயம்," என்று சொல்லிவிட்டு வால்டர் வலது கைக் கடிகாரத்தைப் பார்த்தார். பவுல்சாமி காரின் வேகத்தைக் குறைத்தான். வால்டர் அவன் முதுகில் தட்டினார். கார் மறுபடி முன்னே போயிற்று.

சைதாப்பேட்டைப் பாலம் வந்தது. கீழே ஆற்றில் இரு கரையிலும் துணிகள் உலர்ந்தன. நூற்றுக்கணக்கில் ஆட்கள் குனிந்து துவைத்துக்கொண்டிருந்தார்கள். "பதினேழாம் எண் முன்னணியில் இருக்கிறார்!" என்றது ஒலிபெருக்கி. ஒருவரும் நிமிரவில்லை. யாருக்கு அந்த எண்ணோடு என்ன சம்பந்தம்?

முருகையன் கத்தினான். "பாஞ்சாலீ! ஜானூ! நான்தான், முருகையன்!" ஓடிக்கொண்டே கத்தினால் மூச்சு எட்டவில்லை. ஆகவே நின்றான். பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கிழக்கே ஒரு தடவை, மேற்கே ஒரு தடவை, தொண்டை கிழியும்வரை அந்த மூன்று பேர்களையும் கத்தினான். பின்னால் வந்த ஆறு பேரும் அவனைத் தாண்டிப் போனார்கள். துவைக்கிறவர்களில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள், சிரித்தார்கள். யாரும் மேலே வரவில்லை. குரல் அடங்கியபின் அவன் திரும்பி வந்து, மிச்சத் தூரத்தையும் நொண்டிக்கொண்டே ஓடி, அடையாற்றில் கடைசியாக வந்து சேர்ந்தான். பந்தல் பிரித்தாகிவிட்டது.

பந்தயப் பாதையில் நின்றது, உரக்கக் கூவியது, சொந்தப் பெயரை விளம்பரம் செய்தது ஆகிய மூன்று குற்றங்களுக்காக அவனை ஆயுட்காலத்துக்கும் விலக்கினார்கள். எண் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து முருகையன் சைதாப்பேட்டை ஆற்றங்கரையிலேயே கிடந்தான். கரையோரம் ஒவ்வொரு குடிசையாக, ஒவ்வொரு கல்லாகக் கேட்டான். மேற்கே ஒரு நாள், கிழக்கே ஒரு நாள். எட்டு நாள் தேடியபின் பசி தாங்கவில்லை. ரிக்‌ஷாக்காரப் பில்லையைத் திரும்ப வாங்கினால்தான் பிழைக்கலாம் என்று சபைக்கு நடந்தான்.

ரகுபதி அவனைப் பார்த்ததும் மலர்ந்துபோனார்.

"வாய்யா, வா! உன்னால எனக்கு என்ன தொந்தரவு தெரியுமோ? போன வாரம் ஒரு பொம்மனாட்டி மூணு நாள் இங்கே வந்து உக்காந்துண்டு நகரமாட்டேன்னுட்டா. பாலத்துக்குக் கீழே துணி தோச்சிண்டிருந்தாளாம். தன் பேரை யாரோ கூப்பிட்டாளாம். மேலே ஏறி வரத்துக்குள்ளே ஆள் இல்லை. முன்னாடி போன காருல நம்ம சபை பேரைப் பார்த்த யாரோ சொல்லியிருக்கா. விசாரிச்சுண்டு வந்துட்டா."

முருகையன் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். கரையெல்லாம் அவன் தேடிக்கொண்டிருந்த நாட்களில் அவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

"நீங்கோ இன்னா சாமி சொன்னீங்கோ?"

"விதிப்படிதான். ஓட்டக்காரா பேர், விலாசம் வெளியாருக்குத் தரப்படாது. ஆனாலும் பாவமா இருந்துது. ரிஜிஸ்தரை எடுத்துப் பார்த்தேன். பதினேழுக்கு நேரே பேரை அடிச்சிருந்தது. அப்படி யாரும் இல்லேம்மான்னேன். குரல் அவர் குரல்தான்னா. குரலுக்கெல்லாம் ரிஜிஸ்தர் கிடையாதேம்மான்னேன். குடிக்க ஜலம் குடுத்தேன். மூணாம் நாள் தானே எழுந்துண்டா. எஸ்டேட்டுக்கு ஆள் பிடிக்கிற கங்காணி வந்திருக்கான், வெள்ளிக்கிழமை மலைக்குப் போறோம், அவர் வந்தா சொல்லுங்கோன்னா."

"எந்த மலைக்கி?"

ரகுபதி பார்வையாளர் படிவத்தைத் தேடி எடுத்து, இரண்டு பக்கமும் கவனமாகப் பார்த்தார். "இதுல 'எங்கிருந்து வருகிறீர்'னு இருக்கு. 'எங்கே போகிறீர்'னு கட்டம் இல்லையே."

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளி போய் நான்கு நாள் ஆகியிருந்தது. முருகையன் கேட்கப் பயந்ததைக் கடைசியில் கேட்டான்.

"கூட ஒரு கொயந்த இருந்துதா சாமி? பொம்பளக் கொயந்த?"

"ஏன் கேக்கறே! அஞ்சு வயசிருக்கும். ஒரு இடத்துல உக்காரமாட்டேங்கறது. இந்த வராந்தாவை இங்கேர்ந்து அங்கே, அங்கேர்ந்து இங்கேன்னு ஓடிண்டே இருந்தது. இங்கேயெல்லாம் ஓடப்படாதுன்னு அதட்டி அந்தத் தூண்கிட்ட உக்கார வெச்சேன்."

முருகையன் தூணைப் பார்த்தான். ஜானு உயிரோடு இருக்கிறாள். காட்டில் அவன் தோளில் ஓங்கி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவள், எழுந்து ஓடுகிறாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அந்தத் தூணடியில் போய் உட்கார்ந்து, முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு, பர்மாவை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து அழாததையெல்லாம் அழுதான்.

ரகுபதி தர்மசங்கடத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். கையில் பில்லை இருந்தது. "அழாதேய்யா. ஆயுட்கால விலக்குக்கு அப்பீல் உண்டு. அடுத்த பருவத்துக்கு இப்பவே ஒரு விருப்பப் படிவம் எழுதி வெச்சுடலாம். எந்தப் பந்தயம்னு சொல்லு, போட்டுடறேன்."

முருகையன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"எஸ்டேட்டு கீற மலைங்கோ எத்தினி சாமி?"

கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியே பழக்கப்பட்ட ரகுபதி விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, சேர்வராயன், வயநாடு, குடகு. ஒவ்வொரு பேரையும் முருகையன் மறந்துவிடாதபடி அவர் பின்னாலேயே திருப்பிச் சொல்லிக்கொண்டான்.